புரோனா என்றால் துக்கம்

மேசை இழுப்பறையைத் துப்புரவாக்கும்போது இரண்டு தாள்கள் அகப்பட்டன. அயர்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் குழந்தைப் பெயர்களும் அவற்றின் பொருளும். இணையத்திலிருந்து நான் அச்செடுத்தவை. ஒரு பெயரின் அடியில் பென்சில் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரே சொல்: துக்கம்.

அண்ணை, நீங்கள் கேட்டுத்தான் அவற்றைத் தேடினேன். உங்கள் மகள் டிலக்சியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு நாள். மருமகன் அயர்லாந்துக்காரர். சுவிஸின் சூக் நகரில் அலுவலகத் துப்புரவு வேலையின் இடைவேளையில் அழைத்தீர்கள்.

"புரோனா எண்டு வைக்கினமாம். நீ பேப்பர்காரன்தானே, என்ன கருத்தெண்டு பாத்துச் சொல்லு."

பட்டியலை மேலிருந்து வாசித்தேன். கீரன் என்றால் சின்னக் கறுப்பன் என்றதும் சிரித்தீர்கள். "எங்கட ஒழுங்கையிலயே அப்பிடி ரெண்டு பேர் இருந்தவங்களடா." ரோனன், குட்டிக் கடல்நாய். அதற்கும் சிரிப்பு. "சரி, எங்கட பிள்ளையின்ரையைச் சொல்லு."

சொன்னேன்.

"வடிவாப் பார்."

பார்த்தேன். வேறு இரண்டு பட்டியல்களிலும் அதுவே இருந்தது. மூன்று இடத்தில் ஒத்துப்போனால் தகவல் சரி என்பது என் பத்திரிகைத் தொழில் வழக்கம். சரிதான் என்றேன்.

டாவோஸ் ஹோட்டல் சமையலறையில் நாம் அறிமுகமாகி, ஒன்றாகக் கோப்பை கழுவிய காலத்தில்தான் டிலக்சியா பிறந்தாள். எண்சாத்திரப் புத்தகத்தைத் தண்ணீர் படாமல் அலுமாரிக்கு மேல் விரித்துவைத்து, எழுத்துகளைக் கூட்டிக் குறைத்து, அந்தப் பெயரை நீங்களே உண்டாக்கினீர்கள். "என்ன கருத்தண்ணை?" என்று கேட்டேன். "கூட்டினா அஞ்சு வருது. அது காணும்" என்றீர்கள். இதைத் தொலைபேசியில் உங்களுக்கு நினைவூட்டியிருக்கலாம். அப்போது எனக்கே நினைவு வரவில்லை.

அன்று பின்னேரம் மகளிடம், "துக்கத்தையோ தொட்டில்ல போட்டு ஆட்டப் போறாய்?" என்று கேட்டீர்கள். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நீங்கள் போகவில்லை. அவள் வீடு உங்களிடமிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.

பிறகு என்னிடம்தான் விசாரிப்பீர்கள். "அந்தப் பிள்ளை தவழுதோ?" பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. போய்ப் பாருங்கோவன் என்றால், "பேரை மாத்தட்டும், வாறன்." நானும் அதற்குமேல் கதைக்கவில்லை, உங்கள் பிடிவாதம் கோடைக்குள் கரைந்துவிடும் என்று நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் விழுந்தீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைக்கு எட்டு மாதம். நீங்கள் அவளை ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவன்று உங்கள் வீட்டில் டிலக்சியா பிள்ளையை என் மடியில் வைத்தாள். இந்தப் பெயரை யார் தெரிவு செய்தது என்று அப்போதுதான் கேட்டேன்.

"இவற்ற அம்மாவின்ர பேர், சித்தப்பா. இவர் பள்ளிக்கூடம் போற வயசில செத்துப்போனவ."

"அப்பாவுக்குச் சொல்லேல்லையோ?"

"அப்பா கருத்தைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். ஆரின்ர பேரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பட்டியலை வாசித்தது நான் என்பது அவளுக்குத் தெரியாது. பிறகு அதையும் சொன்னேன். பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

உங்கள் தாயின் படத்துக்கு விளக்கு வைக்காமல் வேலைக்குப் போகாதவர் நீங்கள். செத்த தாயின் பெயரென்று தெரிந்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறியிருப்பீர்கள். அதற்கு டிலக்சியாவிடம் ஒரு கேள்வி போதும். அவளுடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது.

புரோனா இப்போது நடக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

அந்தத் தாள்களை நான் எறியவில்லை. 'துக்கம்' என்பதை அழிக்கவும் இல்லை. அது பிழையான தகவல் அல்ல. அதன் கீழே, நான் அன்றே கேட்டு எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்: தகப்பனைப் பெற்றவளின் பெயர்.