தாகத்தை ஏமாற்றியவளுக்கு

இன்று மதியம் பந்தோபஸ்து வேனில் வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் ஊறுகாய் வாடைதான் முதலில் வந்தது. வெயிலில் கிடந்து வெந்துபோன தயிர்ச்சோறு, ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். உன் நினைப்பு வந்துவிட்டது. உன் பங்கு ஊறுகாயை ஒரு நாளும் நீ தின்றதில்லை. "உப்பு உள்ள போச்சுன்னா தண்ணி கேக்கும்ளா, நீயே வச்சுக்க" என்று என் இலையில் தள்ளிவிடுவாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் காக்கி போட்டவர்கள். நீ ஓட்டப்பிடாரத்துப் பக்கம், நான் ஆத்தூர். பயிற்சியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. அப்போதும் உன் பெல்ட்டுக்கு நான்தான் பாலிஷ் போட்டேன், சோம்பேறி.

யாராவது பெரியவர் துறைமுகத்துக்கு வந்தால் நம்மை உப்பளத்து ரோட்டில் நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் பாத்தி. கண் கூசும் வெள்ளை. மறைவுக்கு ஒரு முள்செடி கூடக் கிடையாது. ஆண் போலீஸ்காரர்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுவிட்டு வந்துவிடுவார்கள். நமக்கு வழி? காலையில் விடிவதற்கு முன் வீட்டில் போனதோடு சரி, கார்கள் வந்து போய் 'கலையலாம்' என்று வயர்லெஸ் மைக்கில் சொல்லும்வரை அசையக் கூடாது. புதிதாக வந்த பெண்களுக்கு நீ சொன்ன யோசனை எல்லா ஸ்டேஷனிலும் பரவியது. "தண்ணி குடிச்சாத்தான போவணும்? குடிக்காத. வாயக் கொப்புளிச்சுத் துப்பு, தாகம் ஏமாந்துரும்." நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். ஆனால் உன் அளவுக்கு யாராலும் முடியவில்லை. "அந்தம்மா மாதிரி நிக்கணும்" என்று இன்ஸ்பெக்டர் ரோல்காலில் எழுந்து நின்று சொன்னார். உனக்கு அன்று எவ்வளவு பெருமை! எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பிறகு உனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி எச்சிலோடு விழுங்கிவிட்டு வருவாய். ஸ்கேன் எடுக்க லீவு கேட்டபோது, "கோயில் கொடை முடியட்டும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். கொடைத் திருவிழா முடிந்ததும் தேர்தல் வந்தது. அவரைத் திட்டியும் பிரயோசனமில்லை. தன் மகன் காதுகுத்துக்கே போக முடியாமல் ஸ்டேஷன் வாசலில் நின்று போனில் பார்த்தவர் அவர். அவருக்கு மேலே இருந்தவருக்கும் அதே கதைதான் இருந்திருக்கும். எல்லாருக்கும் கோபம் இருந்தது, அதை இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

ஒரு நாள் காவலுக்கு நின்ற பாயிண்டிலேயே சுருண்டு விழுந்தாய். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கல், பழைய சீழ், இரண்டு கிட்னியும் போய்விட்டன என்றார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று அவர் கேட்டதும் நீ சிரித்துவிட்டாய். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு, உடம்பில் நீர் தங்கிவிடும், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. "நல்ல வேளை, எனக்குப் பழக்கந்தான்" என்றாய். நான் வெளியே வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். நீ கவனித்திருப்பாய்.

கடைசியாகப் பேசியபோது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எம்மவளை மட்டும் இந்தச் சட்டைக்குள்ள விட்டுராதளா." சரி என்றேன்.

உனக்கு மலர்வளையம் வைத்தார்கள், சல்யூட் அடித்தார்கள். மறுநாள் காலை எங்களுக்கு வேறொரு பந்தோபஸ்து.

நீ பணியில் இருக்கும்போதே போனதால் உன் மகளுக்கு ஆபீஸ் வேலை கொடுப்பதாக இருந்தது. ஃபேனுக்கு அடியில் நாற்காலி, பக்கத்தில் கழிப்பறை. அதற்காக நானும் அலைந்தேன். ஃபைல் நகரவே இல்லை. அதற்குள் அவள் போலீஸ் தேர்வு எழுதிப் பாஸாகிவிட்டாள். போகாதே என்று உன் வீட்டில் போய்ச் சத்தம் போட்டேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தே கருப்பட்டிக் கடையை மூடியவர் உன் வீட்டுக்காரர், அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். "அந்த ஆர்டர் வார வரைக்கும் யாரு சித்தி சோறு போடுவா?" என்று அவள் கேட்டாள்.

இன்று அதே உப்பளத்து ரோட்டில் அவளும் நின்றாள். நான் இப்போது எஸ்.எஸ்.ஐ., வண்டியில் பாயிண்ட் பாயிண்டாகப் போய்ப் பார்க்க வேண்டும். பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் கொடுக்கப் போனால், காலையில் கொடுத்த பாட்டிலே மூடி திறக்காமல் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. குடி என்றேன்.

"குடிச்சா எங்கன சித்தி போவேன்? வேண்டாம். அம்மா நின்னாள்லா?"

நடமாடும் கழிப்பறை வண்டி என்று ஒன்று இப்போது வந்திருக்கிறது. அது துறைமுகத்தில் விழா மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ரோட்டில் நிற்பவளுக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை வண்டியில் ஏற்றி, உப்பளம் முடிகிற இடத்தில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த பெண் காக்கியைப் பார்த்ததும் நடுங்கிவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் செய்யலியேம்மா."

"ஒண்ணுமில்ல தாயி. இந்தப் பிள்ளை பாத்ரூம் போவணும்."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதுக்கா இப்படித் தட்டுனீக? வாளா உள்ள" என்று உன் மகள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவ்வளவுதான் விஷயம். ஊரையே மிரட்டத் தெரிந்த நமக்கு இத்தனை வருஷத்தில் இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மைக்கில் அந்தப் பாயிண்டில் ஆள் இல்லையே என்று கேட்டார்கள். நான்தான் அனுப்பினேன் என்றேன். மெமோ வரும்.

அவள் வெளியே வந்து பாட்டிலைத் திறந்து மடக்கு மடக்கென்று முழுவதும் குடித்தாள். நீ அப்படிக் குடித்து நான் பார்த்ததே இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வேற எங்கனயாவது போட்டா?" என்று கேட்டாள்.

"கதவைத் தட்டு" என்றேன்.

நீ கேட்டதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. இன்று பந்தோபஸ்து முடிந்து திரும்பும்போது, எந்த வீடு கதவு திறக்கும் என்று வழியெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டே வந்தேன்.