சண்டைப் படம் என்று நம்பிப் போனோமே

மாமு,

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மடலில் வரும் கதையை வட சென்னையில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய். மறுத்துப் பேச ஆள் இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று காலை மணலி சாலையில் ஒரு டேங்கர் லாரி என் முகத்தில் புகையைக் கொட்டிவிட்டுப் போனது. மூக்கைப் பொத்தாமல் அப்படியே நின்றுவிட்டேன். முப்பது வருடம் நாம் டேங்கர் ஓட்டினோமே, உன் சட்டையில் வந்த வாசனை அது.

அந்தப் படத்துக்கு நம்மை இழுத்தது சுவரொட்டிதான். தண்ணீர் லாரி, பக்கத்தில் இரும்புக் கம்பியோடு ஒருத்தி. நாற்பது தலையாவது உருளும் என்று எண்பது டிரைவர்கள் கிளம்பினோம். உள்ளே போனால் காதல் படம்! அவள் ஐம்பதைத் தாண்டியவள், லாரி ஓட்டுகிறாள். அவன் பம்பு அறையில் குழாய் மாட்டுகிறவன். பாட்டு இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை.

லாரி வரும் படத்தில் நீ குற்றம் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. நீ போடும் சத்தத்தில் திரையில் இருக்கிற கதாநாயகனே பயந்து கியரை மாற்றுவான். அன்றும் தொண்டையைச் செருமிக்கொண்டாய். அவன் சாலையோரம் நிற்கிறான், அவள் பிரேக் போடுகிறாள். நீ கத்தவில்லை. என் தொடையைக் கிள்ளினாய்.

"பாதி லோடு மாமு. வண்டி நின்னாலும் உள்ள தண்ணி முன்னால வந்து இடிச்சுகினே இருக்கும். அதுக்கு எடம் வுட்டு நிறுத்துது பாரு."

உள்ளே தண்ணீரின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அவள் கதவைத் திறந்து "ஏறு" என்றாள். அவ்வளவுதான் படம். எண்பது பேரும் விட்ட பெருமூச்சில் மின்விசிறிகள் எதிர்ப்பக்கம் சுற்றின.

வெளியே வந்ததும் நீ கேட்டது ஒன்றே ஒன்று: இட்லிக்கடை ரோசம்மா என்றைக்குத் தூத்துக்குடிக்குப் போகிறாள்? ஞாயிற்றுக்கிழமை, கடையை ஒரேயடியாக மூடிவிட்டு மகனோடு, என்றேன். உன் மனைவி போனபின் நாலு வருடமாக அந்த விதவையின் கடையில், பிடிக்காத இட்லியைத் தினம் எட்டாக விழுங்கியவன் நீ. மனதில் இருந்ததை அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று வெள்ளி.

மறுநாள் காலை துறைமுகத்துக் கிரேனில் தொங்கியபடி நீ பெண் கேட்க வந்தாய், பின்னால் ஏழு கப்பல் சங்கு ஊதியது. அப்படித்தான் ஊரில் சொல்லி வருகிறேன்.

"நீ போவாத. நானும் இங்கதானே கீறேன்" என்றாய், அவள் கடையில், கையில் தட்டோடு.

அவள் இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதச் சொல்ல ஒமக்கு நாலு வருசமா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, மூட்டையாய்க் கட்டி வைத்திருந்த கிரைண்டரைக் காட்டி, கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள்.

ஆறு வருடம் நன்றாக வாழ்ந்தீர்கள். இப்போதும் தினம் அவள் கடையில் உட்கார்கிறேன். புதிதாக யார் வந்தாலும் கிரேனையும் கப்பலையும் அவிழ்த்துவிடுகிறேன். ரோசம்மா மறுப்பதில்லை; போன வாரம் எட்டாவது கப்பலை அவளே சேர்த்தாள்.

கிரேனும் கப்பலும் புளுகுதான் மாமு. எண்பது டிரைவரும் புளுகு, போனது நாம் இரண்டு பேர். ஆனால் நாலு வருசமா என்று அவள் கேட்டதும் உன் கையிலிருந்த தட்டு ஆடி, சாம்பார் முழுக்க என் வெள்ளை வேட்டியில் கொட்டியதே, அது மட்டும் உண்மை. கறை இன்னும் இருக்கிறது. அது போகவேண்டும் என்று நான் தேய்க்கவும் இல்லை.