மாயாற்றில் எழுதாமல் விட்டது

நடுவட்டம்,
20.1.1977

அன்புள்ள அன்னக்கிளிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. மரகதத்துக்கு ஆண் குழந்தை பிறந்ததையும், தாயும் சேயும் நலமாக இருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். பேரனுக்கு என் ஆசிகள். நான் சுகம். தலைமன்னார் துறையில் நீ என்னைக் கப்பலேற்றி வழியனுப்பியபோது நாம் பேசிக்கொண்டபடி, கடல் தாண்டும் கடிதத்தில் கவலைக்கு இடமில்லை. பல நாள் கழித்து வந்து சேரும் கவலையால் எவருக்கும் பயனில்லை. ஆகவே ஒரு நல்ல செய்தி.

பொங்கல் விடுமுறையில் இரு நண்பர்கள் என்னைத் தெப்பக்காட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒருவர் என்னைப் போலவே இலங்கையிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் அய்யாவு. மற்றவர் டீக்கடை இசக்கிமுத்து. அங்கே காட்டுக்குள் மாயாறு ஓடுகிறது. லாரி ட்யூபில் காற்றடித்து, அதில் உட்கார்ந்து ஆற்றின் போக்கில் மிதப்பது அவர்கள் திட்டம். அனுமதியின்றி இறங்க மாட்டேன் என்று கரையிலேயே நின்றுவிட்டேன். வனக்காவலரைத் தேடிப்பிடித்துக் கேட்டோம்.

"ஏனுங்க, ஆத்துல மெதக்கறதுக்கெல்லாம் யாருங்க பர்மிசன் கேக்கறாங்க? ஆனை தண்ணிக்கு எறங்குச்சுன்னா அதுகிட்ட வேணா கேட்டுக்குங்க" என்று சிரித்தார்.

சட்டைப் பொத்தான்களைப் பூட்டி, மூக்குக்கண்ணாடியைச் சணலால் கட்டிக்கொண்டு அமர்ந்தேன்.

"மாஸ்டர், ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி வெறப்பா இருக்கீங்களே. சாஞ்சுக்கங்க!" என்றார் அய்யாவு.

சாய்ந்தேன். இருபுறமும் மூங்கில் கவிந்திருந்தது. இடையே வானம் ஒரு கீற்றாக நகர்ந்தது. எந்தத் திசை பார்த்துப் போவது என்பதை ட்யூபே தீர்மானிக்கிறது. நாம் தலையிட இயலாது. ஒரு சரிவில் தண்ணீர் என்னைத் தூக்கிப் போட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

"ஏ அய்யாவு, இவருக்குச் சிரிக்கவும் தெரியுதே வே!" என்றார் இசக்கிமுத்து.

பிரசவத்துக்காகப் பயண நாளைத் தள்ளி வாங்கிய நீ, மரகதத்தின் உடல் தேறியதும் கப்பலேறுவாய் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்
சி. வடிவேல்

*

ஹட்டன்,
8.2.1977

அன்புள்ள மரகதத்தின் அப்பாவுக்கு,

கடுதாசி கெடச்சிச்சு. மருமகன் வாசிக்க வாசிக்க நானும் மரகதமும் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. பச்ச ஒடம்புக்காரியை இப்படியா சிரிக்க வைக்கிறது? மழைத் தண்ணியில புள்ள கால நனைச்சாலே சத்தம் போடுற மனுசன், கண்ணாடியக் கட்டிக்கிட்டு ஆத்துல மெதந்தீங்களாக்கும்!

இத்தன நாளும் எனக்கு ஒரே யோசனை. அங்க ஒத்தையில என்ன ஆக்கித் தின்னீங்களோ, காய்ச்சல்னா யாரு சுடுதண்ணி வைப்பாங்களோன்னு. இப்ப மனசு ஆறிருச்சு. அந்த ஊரு உங்களுக்கு ஒத்துப்போச்சு. சேர்ந்து சிரிக்க சிநேகிதரும் இருக்காங்க.

இங்க மரகதத்துக்கு மாமியார் இல்ல. அவ கொழுந்தெடுக்கப் போனா புள்ளய யாரு பார்க்கறது? இந்தியா போறத விட்டுட்டு நான் இங்கயே தங்கிக்கிற மாதிரி மனுக் கொடுக்கலாமுன்னு மருமகன் சொல்றாரு. பங்குனிக்குள்ள கண்டி ஆபீசுக்குப் போய்க் கொடுக்கணுமாம். கொடுத்துட்டா பெறகு கப்பல் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சதாலதான் எனக்கு இந்தத் துணிச்சல் வந்திச்சு. சம்மதமுன்னு ஒரு வார்த்த எழுதுங்க. அது வந்ததும் கண்டிக்குப் போறோம்.

பேரன் உங்க மாதிரியே நெத்தியச் சுருக்குறான்.

அன்னக்கிளி

*

நடுவட்டம்,
24.2.1977

அன்னக்கிளிக்கு,

சம்மதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் காரணங்கள் நியாயமானவை. ஆனால் அவற்றுள் ஒன்று உண்மையல்ல. அதை உனக்குக் கொடுத்தவன் நான். நான் நன்றாக இருக்கிறேன் என்பது.

மாயாற்றில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு வளைவில் என் ட்யூப் பாறையில் தட்டிப் பின்முகமாகத் திரும்பியது. நண்பர்கள் முன்னே போய்விட்டார்கள். பாறை மேல் சில நீர்நாய்கள், மீனைக் கைகளில் ஏந்தி, நம் வீட்டுக் குழந்தைகள் ரொட்டி தின்பது போலத் தின்றுகொண்டிருந்தன. "அன்னக்கிளி, அங்கே பார்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

கரையேறியதும் அய்யாவு, "யார மாஸ்டர் கூப்பிட்டீங்க?" என்றார். நீர்நாய்களை விரட்டியதாகச் சொன்னேன். அவர் தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார்.

அது அந்த ஒரு நாளோடு முடியவில்லை. வேலை முடிந்து வந்தால், பூட்டைத் திறப்பதற்கு முன் கதவைத் தட்டுகிறேன். பூட்டிய அறைக்குள் ஆள் இராது என்பது எனக்குத் தெரியும். கை கேட்பதில்லை. குளிர்ந்த சோற்றை நின்றுகொண்டே தின்றுவிடுகிறேன். உட்கார்ந்தால் எதிரில் உள்ள இடம் தெரிகிறது.

மரகதத்துக்கு நீ தேவை. அதை மறுக்க எனக்கு வாதம் இல்லை. பேரன் நடக்கும்வரை இரு. பயண நாளை மேலும் தள்ளிக் கேட்டுப்பார். எத்தனை காலமாயினும் இங்கே இருப்பேன். ஆனால் அந்த மனுவைக் கொடுக்காதே.

எனக்குச் சம்மதமில்லை, அன்னக்கிளி. வா.

வடிவேல்