கொடிக்காலுக்குப் போகும் மகளுக்கு

ஜெபல் அலி
10-11-2006, வெள்ளி

அன்புள்ள மகள் ஜெயபாரதிக்கு அப்பா எழுதுவது. இங்கே வெயில் இறங்கிவிட்டது, என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சௌக்கியம்தானே என்று எழுதத்தான் ஆசை, நீ சௌக்கியமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுதக் கை வரவில்லை. அம்மா போனில் சொன்னாள். ஐந்தாம் மாதச் சோதனையிலும் உனக்கு ரத்தம் ஏறவில்லையாம், இப்படியே போனால் பிரசவத்துக்கு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டிவரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா பயமுறுத்தினாராம். மாத்திரையையும் விடாமல் சாப்பிடுகிறாய், நான் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தையும் சாப்பிடுகிறாய், பிறகு ஏன் ஏறவில்லை? உன் மாமியார் வீட்டில் உனக்கு ஒழுங்காகச் சோறு போடவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன், இன்னும் முழுக்க அந்த எண்ணம் போகவில்லை, ஆனால் இந்த வாரம் இங்கே நடந்த ஒன்று வேறொரு காரணத்தைக் காட்டிவிட்டது. அதைப் போனில் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு போன் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் பேசினால் வீடே கேட்கும். அதனால்தான் லீவில் போகும் ஓர் ஆள் கையில் இந்தக் கடிதம்.

எங்கள் கேம்ப் மெஸ்ஸில் பாண்டித்துரை என்று ஒரு சமையல்காரன் இருக்கிறான், சின்னமனூர்ப் பக்கம். ஊருக்குப் போய்வந்த சமையல் ஆட்கள் எல்லாரும் மலச் சோதனை செய்து தேறினால்தான் அடுப்படிக்குள் விட வேண்டும் என்பது இங்கே சட்டம், மெஸ் சூப்பர்வைசர் என்ற முறையில் அதைப் பார்ப்பது என் வேலை. விலங்கியலில் முதல் வகுப்பில் தேறியவனுக்குக் கடைசியில் கிடைத்த விலங்கியல் வேலை இதுதான். எனக்கு வர வேண்டிய விரிவுரையாளர் வேலை யாருக்குப் போனது, ஏன் போனது என்பது உனக்குத் தெரியும், மறுபடி எழுதவில்லை. பாண்டித்துரை லீவிலிருந்து வந்ததிலிருந்தே வெளிறிப்போய் இருந்தான், பருப்பு அண்டாவை இறக்கினால் மூச்சு வாங்கும், அரிசி மூட்டையைப் பார்த்தால் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மெல்லுவான். சோதனையில் கொக்கிப்புழு என்று வந்துவிட்டது. அவன் அழாத குறை, வேலை போய்விடும் என்று பயம். ஸ்டோரில் இருக்கும் ஜெயசீலன் சும்மா விடவில்லை, "என்ன பாண்டித்துரை, விசா இல்லாம ஊர்லருந்து ஆள் கூட்டியாந்துட்டியாம்ல, விசா குடுத்த கஃபீலுக்குத் தெரியுமா?" என்றான். அந்த நிலையிலும் பாண்டித்துரை, "அதுக நம்மள மாதிரி இல்லண்ணே. டூட்டி கெடையாது, கேம்ப் கெடையாது, இருந்த எடத்துலயே சாப்பாடு" என்றான். அறையே சிரித்தது, நானும்தான்.

கிளினிக்கில் இருக்கும் மலையாளி டாக்டர் நல்ல மனிதர், அவனிடம் முதலில் கேட்டது ஊரில் என்ன வேலை என்று. வெற்றிலைக் கொடிக்காலில் கூலி, லீவில் போனாலும் அங்கேதான் என்றான். காலில் செருப்பு உண்டா என்றார். "கொடிக்காலுக்குள்ள செருப்புப் போட்டு எவன் சார் போவான், வெத்தல லட்சுமியில்ல" என்றான். எனக்கு அப்போதுதான் தூக்கிப்போட்டது. நீயும் தினம் மதியம் மாமனாருக்குச் சோறு எடுத்துக்கொண்டு வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடிக்காலுக்குள் போகிறாய். மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் அரிக்கிறது என்றாய், சேற்றுப்புண் என்று அம்மா மஞ்சள் பூசச் சொன்னாள். மசக்கை முடிந்த பிறகும் பச்சரிசியும் அடுப்புச் சாம்பலும் தின்கிறாய் என்றாள், பிள்ளைத்தாய்ச்சி ஆசை என்று விட்டுவிட்டோம். கண்ணு, இந்தப் புழு பெரும்பாலும் வாய்வழியாக வருவதில்லை. வேலைக்கு வருகிறவர்கள் வாய்க்கால் கரையில் வெளிக்குப் போகிறார்கள், அதிலிருந்து மண்ணுக்கு வருகிறது, கொடிக்காலில் எந்நேரமும் ஈரமும் அகத்தி நிழலும் இருப்பதால் சாகாமல் கிடக்கிறது, வெறுங்காலில் மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. நீ எத்தனை பேரீச்சம்பழம் தின்றாலும் அது முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, குளிக்காதவர்களுக்கு வருவதல்ல, மண்ணில் நடப்பவர்களுக்கு வருவது.

ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மலச் சோதனை செய்ய வேண்டும் என்று நீயே வாய் திறந்து கேள். பூச்சி மாத்திரையை மருந்துக் கடையில் நீயாக வாங்கி விழுங்காதே, மாசமாக இருக்கும்போது எந்த மாதத்தில் எதைக் கொடுக்கலாம் என்று டாக்டரம்மாவுக்குத்தான் தெரியும். கொடிக்காலுக்குச் செருப்போடு போ, இல்லாவிட்டால் போகாதே. இதை உன் மாமனாரிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் அவரோடு பேசுவதாக இல்லை. உன் கல்யாணப் பந்தலில் நாலு பேர் நடுவில் "சம்பந்தி துபாய்ல சமையக்கட்டுல இருக்காரு" என்று சொல்லிச் சிரித்தவர் அவர். அன்றோடு சரி.

சனிக்கிழமை. மேலே உள்ளது நேற்று எழுதியது, ஒட்டி வைத்த உறையைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். நீ சொல்ல மாட்டாய் என்று படுத்த பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்தால்கூட டீச்சரிடம் சொல்லாமல் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்த பிள்ளை நீ. புழு என்றும் மலம் என்றும் மாமனார் முன்னால் நின்று சொல்லவா போகிறாய், செருப்பையும் கேட்க மாட்டாய். காலையில் போன் கார்டு வாங்கி உங்கள் வீட்டுக்குப் போட்டேன். வேண்டுமென்றேதான் நீ கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துப் போட்டேன். உன் மாமனார் ராமையா அவர்களே எடுத்தார். கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நான் வணக்கம்கூடச் சொல்லாமல் புழு விஷயத்தை ஆதியோடு அந்தமாகச் சொல்லி முடித்தேன், அவர் குறுக்கிடவில்லை. செருப்பு என்றதும் மட்டும், "கொடிக்காலுக்குள்ள செருப்பு வராது. அது எங்க அப்பன் காலத்துலருந்து கெடையாது" என்றார். எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. நான் வாயைத் திறக்குமுன் அவரே, "அப்ப உங்க மகளும் வர மாட்டா. சோத்துக்கு நான் வீட்டுக்கு நடந்து வாரேன், காலு என்ன தேஞ்சா போகும்" என்றார். அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை, குரலைத் தாழ்த்தி, "நான் பொறந்ததுலருந்து அந்த மண்ணுலதான் நிக்கேன். இப்பல்லாம் மம்பட்டி ரெண்டு போடு போட்டா கண்ணு இருட்டுது, வயசுன்னு இருந்தேன். அப்ப எனக்கும் இருக்குமோ சம்பந்தி?" என்றார். இருக்கும் என்றேன். வீட்டில் எல்லாருக்குமே பார்த்துவிடுங்கள் என்றேன். திங்கட்கிழமை உன்னையும் உன் மாமியார் சுந்தராம்பாளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இது உன் கைக்கு வரும்போது நீ போய்வந்திருப்பாய். என்ன வந்தது என்று மறைக்காமல் அம்மாவிடம் சொல், இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, சாப்பிட்டவுடன் காபி குடிக்காதே. பந்தலில் பேசியதை நான் மறந்துவிட்டதாக உன் மாமனாரிடம் சொல்லிவிடாதே, மறக்கவில்லை. அவருக்கு மருந்து கொடுத்தார்களா, கண் இருட்டுவது நின்றதா என்று மட்டும் கேட்டு எழுது. நானாகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

ரத்தம் ஊறி, முகம் தெளிந்து, சுகமாகப் பெற்றெடுத்து நீண்ட ஆயுளோடு இரு என்று ஆசீர்வதிக்கும்

உன் அப்பா
ரகுநாதன்