வெட்டப்பட்ட பேச்சு

செவ்வாய், இரவு.

எங்கள் அருங்காட்சியகத்தில் இன்று சாதிக் கலவரம் பற்றிய கூடத்தைத் திறந்தார்கள். கலவரத்தில் கணவரைப் பறிகொடுத்த பேச்சியம்மாள் அக்காவின் குரலைப் பதிவு செய்தவள் நான். வெட்டியவர்கள் யாரென்று அவர் சொன்ன பகுதியை நீக்கச் சொன்னார் அதிகாரி. நீக்கிவிட்டேன்.

அக்கா இன்று அந்தப் பதிவை ஹெட்போன் மாட்டிக் கேட்டார்.

“ஏட்டி, யாரு வெட்டுனான்னு சொன்னேம்லா, அதக் காங்கலயே?”

“மெஷின்ல ஏதோ கோளாறுக்கா.”

என்னையே பார்த்தார். பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் கறையோடு இருந்த கணவரின் சட்டையைக் காட்டினார்.

“அப்பம் அதத் திருப்பிக் குடுத்துரு. நான் கொண்டு போயிருதேன்.”

அதற்குள் அதிகாரி வந்து, “அந்தம்மாவ சட்டைக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க, போட்டோ எடுக்கணும்,” என்றார். நான்தான் அக்காவின் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்தினேன்.

படம் வந்திருக்கிறது. அதில் அக்காவுக்குப் பக்கத்தில் நான் சிரிக்கிறேன். சீ.