பச்சைப் பொட்டு ஒட்டியவள்

மார்ச் 4, செவ்வாய்

தூசு உறிஞ்சும் இயந்திரம் மறுபடி அடைத்துக்கொண்டது. மேலே நூலகத்தில் இரண்டு பேர் எங்களுக்குக் கேட்கவேண்டும் என்றே இருமினார்கள். நகராட்சி தந்த கீழ்த்தளத்தில், யாரும் உறுப்பினராகி மரவேலை, ரிப்பேர் வேலை செய்துகொள்ளும் எங்கள் பொதுப் பட்டறை இருக்கும்வரை இந்த இருமலும் இருக்கும்.

பெரிய செய்தி: நாத்தனார் ஒரு மழலையர் பள்ளியிடம் நாற்பது குட்டி நாற்காலிக்கு ஆர்டர் பிடித்துவிட்டாள்! புருஷனை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம். முதல் ஐந்து மாதம் ‘ம்’ என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. உப்புத்தாள் தேய்க்கவாவது வா என்று நான்தான் பட்டறைக்கு இழுத்துப் போனேன். இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டே நாற்காலிக் கால் எத்தனை அங்குலம் என்று பேசுகிறாள்.

நாற்பதுக்குக் கைரம்பம் போதாது. வட்ட ரம்பம் வேண்டும். அதைத் தொட உறுப்பினர் அட்டையில் பச்சைப் பொட்டு வேண்டும். பாதுகாப்புப் பரீட்சை வைத்துப் பொட்டு ஒட்டுகிறவள் நான். பட்டறையில் எனக்கு ‘மிலிட்டரி’ என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

ஒட்டிவிட்டேன். பரீட்சை வைக்கவில்லை.

ரேடியோ பழுது பார்க்க வரும் பழைய பஸ் டிரைவரை மூன்று முறை தோற்கடித்தவள் நான். “முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிச்சதில்லம்மா” என்று கெஞ்சினார். மசியவில்லை. இவளிடம் மட்டும் என்ன?

நான் கேள்வி கேட்டு, இவள் திணறி, ‘அடுத்த வாரம் வா’ என்று சொல்லி — பழையபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்? அந்தப் பயம்தான். பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினேன். கெட்டிக்காரி, டக்கென்று பிடித்துக்கொண்டாள். எங்கே ஆள் நிற்கக் கூடாது என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

மார்ச் 7, வெள்ளி

பதினொரு இருக்கைப் பலகை அறுத்துவிட்டாள். பாடிக்கொண்டே பாத்திரம் தேய்க்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதினாலாவது படபடப்பு அடங்குமா பார்க்கிறேன்.

மூன்று மணி இருக்கும். ஒரு துண்டுக் கட்டை ரம்பத்தின் பற்களுக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே சிக்கிப் பின்பக்கமாகப் பாய்ந்தது. அவள் ஏதோ ஓரமாக நின்றிருந்தாள். நேர் பின்னால் டிரைவர், கையில் ரேடியோவோடு. விலாவில் பட்டது. சத்தம்கூடப் போடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சாண் மேலே பாய்ந்திருந்தால்?

‘துண்டு சிக்கினால் எந்தப் பக்கம் பாயும், அங்கே யார் நிற்கலாம்?’ என் பரீட்சையில் மூன்றாவது கேள்வியே இதுதான். சொல்லவில்லை. இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, நான் சொல்லவே இல்லை.

மார்ச் 12, புதன்

விலா எலும்பில் விரிசல். ஆறு வாரம் ஓய்வு.

செயலாளர் (மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள்) நாத்தனாரின் அட்டையையும் பதிவேட்டையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்: “பொட்டு இருக்கு. பரீட்சை எழுதின பேர்ல இவ பேரே இல்லையே?”

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், “டப்பால இருந்து நானே எடுத்து ஒட்டிக்கிட்டேன்” என்றாள்.

பொட்டைத் திருடினால் உறுப்பினர் பதவி அன்றோடு சரி. பட்டறைக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. சனிக்கிழமை கமிட்டி கூடி முடிவு செய்யும். நானா? ஊமை மாதிரி நின்றேன். சீ.

மார்ச் 13, வியாழன்

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“பரீட்சை வைக்கிறவங்களே ஏமாத்தினாங்கன்னு தெரிஞ்சா நகராட்சி பட்டறையையே மூடிடும் அண்ணி. நான் போனா ஒரு ஆள்தானே.”

“நாற்பது நாற்காலி?”

“விடுங்க. எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு.”

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, “அவளே ஒத்துக்கிட்டா, நீ ஏன் கிளறுறே?” என்கிறார். தங்கையாம்! எனக்கு வந்த கோபத்தில் காபியை அவர் மேலேயே ஊற்றியிருப்பேன். ஆனால் நேற்று முழுக்க நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பழகிப்போச்சாம்.

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும்.

டிரைவரும் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். “எனக்கு மூணு தடவை ஃபெயிலு, வீட்டு ஆளுக்குப் பரீட்சையே இல்லையாம்மா?” கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. சும்மா, சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

என் பொட்டைப் பிய்த்தார்கள். இரண்டு மாதம் ரம்பத்தின் பக்கம் போகக் கூடாது, பரீட்சையும் வைக்கக் கூடாது. அவளுக்குத் திருட்டுப் பட்டம் இல்லை, ஆனால் செயலாளரிடம் பரீட்சை எழுத வேண்டும். நகராட்சி ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை ரம்பத்துக்குப் பூட்டு. பட்டறையே நிலைக்குமா என்பது அவர் வந்த பிறகுதான் தெரியும்.

வீட்டு வாசலில் அவள் நின்றாள். “நான் தாங்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அவரும் இப்படித்தான் அண்ணி. எல்லாம் என் நல்லதுக்குன்னு.”

அவள் புருஷனோடு என்னைச் சேர்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஆய்வாளர் இரண்டு மணி நேரம் குடைந்தார். ரம்பத்தின் பின்னால் தரையில் மஞ்சள் கோடு போட வேண்டும், ஒவ்வொரு பொட்டுக்கும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். மூடச் சொல்லவில்லை. மூடச் சொல்லவில்லை!

மார்ச் 29, சனி

அவள் பரீட்சையில் தோற்றுவிட்டாள்.

அடுப்படியில் நின்று அந்தக் கதவுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நேராக என்னிடம் வந்து தட்டை எடுத்தாள். “நாலாவது கேள்வில மாட்டிக்கிட்டேன். புதன்கிழமை மறுபடி.” இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பதினான்கு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய பேச்சு.

ஏப்ரல் 2, புதன்

தேறிவிட்டாள்.

மே 3, சனி

நாற்பது நாற்காலியும் போய்ச் சேர்ந்தன, மூன்று வாரம் தாமதமாக. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒன்றில் உட்கார்ந்து பார்த்து எழ முடியாமல் சிரித்தாராம். இன்னும் இருபது கேட்டிருக்கிறார்கள்.

மே 17, சனி

என் தண்டனை முடிந்தது. இன்று எனக்குப் பரீட்சை. செயலாளரோடு இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவள் இப்போது நாத்தனார்.

எல்லாக் கேள்விக்கும் மளமளவென்று பதில் சொன்னேன். அந்தக் கேள்விகளை எழுதினவளே நான்தானே! பலகையை வைத்து ரம்பத்தை ஓட விடப் போனேன். “நிறுத்துங்க அண்ணி. வளையலைக் கழட்டலை.”

கழற்றிவிட்டால் போதும் என்பாள் என்று நின்றேன். அவள் பதிவேட்டை இழுத்து, என் பெயருக்கு எதிரே ‘தேறவில்லை’ என்று நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“அடுத்த வாரம் வாங்க.”