உங்கள் முதல் விமானப் பயணம்

என் செல்ல அப்பாவுக்கு,

முதல்ல நல்ல சேதி: எல்லாரும் பத்திரம். பதறாதீங்க. கோயமுத்தூரில் சித்தி வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுறேன். கீழே சித்தப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்குப் பந்தல் போடுறாங்க. "கயித்தை இன்னும் இறுக்குப்பா"ன்னு அம்மா பந்தல்காரரை அதிகாரம் பண்ற சத்தம் இங்கே வரைக்கும் கேட்குது. நீங்க போனப்புறம் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

ரெண்டு வருஷமா அம்மா ஐதராபாத்தில் நம்ம அல்வால் வீட்டுக் கேட்டைத் தாண்டலை. எங்கே கூப்பிட்டாலும் "நான் எதுக்குடி, நீ போயிட்டு வா"தான். தங்கச்சி வீட்டு விசேஷம்னு கெஞ்சி, அழுது, சண்டை போட்டு விமானத்துக்கு டிக்கெட் எடுத்தேன். நீங்க இருந்தவரை நமக்கு ரயில்தானே! நாள் முழுக்க விமான இன்ஜினைக் கழட்டி மாட்டுற மனுஷன், லீவு விட்டா செகந்திராபாத் ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிட்டுப் போவீங்க. "ரயில் நின்னா இறங்கி நடக்கலாம் பாப்பா." நல்ல நியாயம்!

ரயிலை விட்டு இறங்கினதும் எங்களை எண்ணுவீங்களே! ஒண்ணு அம்மா, ரெண்டு நான், மூணு நீங்க. ஒர்க்‌ஷாப் பழக்கம். அங்கே வேலை முடிஞ்சதும் ஸ்பேனர் எல்லாம் எண்ணி, "எல்லாம் வந்தாச்சு, இனி மூடலாம்"னு சொன்னப்புறம்தான் இன்ஜினை மூடுவீங்க. ஒண்ணு உள்ளே தங்கினாலும் விமானம் போச்சு. சரி, அது அங்கே. வீட்டில் ஸ்பூனையும் எண்ணுவாங்களா யாராவது? ஒரு தீபாவளிக்கு ஸ்பூன் ஒண்ணு குறையுதுன்னு இலை முன்னாடி எங்களைக் காக்க வெச்சீங்க. கடைசியில் அது உங்க சட்டைப் பையிலேயே இருந்தது. அம்மா அதை இன்னும் மறக்கலை.

விஷயத்துக்கு வர்றேன். கிளம்பிப் பத்து நிமிஷம் இருக்கும், இடது பக்கம் டமார்னு ஒரு சத்தம். விமானம் ஒரு குலுங்கு குலுங்குச்சு. அப்புறம் அந்தப் பக்கத்து இரைச்சல் அப்படியே அடங்கிப்போச்சு. ஒரு இன்ஜின் நின்னுடுச்சு, ஐதராபாத்துக்கே திரும்புறோம்னு பைலட் சொன்னார். எனக்கு ஒரே நினைப்புதான். வீட்டில் சிவனேன்னு இருந்த அம்மாவை நானே இழுத்துட்டு வந்து கொல்லப் போறேனே!

பக்கத்து சீட்டில் கொண்டாப்பூர்காரர் ஒருத்தர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வாயைப் பொத்திக்கிட்டு அழுதார். அம்மா அவர் முழங்கையைத் தட்டி, நம்ம ஊர் இந்தியில் ஆரம்பிச்சாங்க பாருங்க! "டரோ நக்கோ பாபு. ஏக் இன்ஜின் பஸ் ஹை." அவர் நம்பாம, "ஹவ்?"னார், ஆமாவான்னு. "ஹவ் பாபு, ஹவ்!" பயப்படாதே, ஒண்ணு போதும், அதுக்குத்தான் ரெண்டு வெச்சிருக்காங்கன்னு, முப்பது வருஷமா சாப்பாட்டு வேளையில் நீங்க அளந்ததையெல்லாம் அந்த மனுஷன் தலையில் கொட்டினாங்க. "இவர் ஆரம்பிச்சுட்டாருடி"ன்னு அப்போ முணுமுணுத்த அம்மாதான்! அத்தனையும் காதில் விழுந்திருக்கு.

சக்கரம் தரையைத் தொட்டதும் கைதட்டல், விசில், அழுகை, எல்லாம் ஒண்ணா. முன் வரிசைங்கிறதால நாங்கதான் முதல்ல இறங்கினோம். நல்ல மத்தியான வெயில். பஸ்ஸில் ஏறச் சொன்னா அம்மா நகரவே இல்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்னு, இறங்குற ஒவ்வொருத்தரையும் விரல் நீட்டி எண்ண ஆரம்பிச்சாங்க. "ரண்டி அம்மா, ரண்டி"ன்னு விமானக் கம்பெனிப் பொண்ணு தெலுங்கில் வரச் சொல்லிக் கெஞ்சுது. "இரும்மா, எண்ணிட்டிருக்கேன்ல!" மானம் போகுதேன்னு நினைச்சுக்கிட்டே நானும் கூட எண்ணினேன். கடைசியா பைலட் இறங்கினார். அம்மா அவர் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, உங்க தொனியிலேயே, "எல்லாம் வந்தாச்சு, இனி மூடலாம்"னாங்க. பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. கும்பிட்டார்.

பஸ்ஸில் எத்தனைன்னு கேட்டேன். நூத்தி நாற்பத்தெட்டாம். எனக்கு நூத்தி நாற்பத்தேழுதான் வந்தது. "ஒண்ணு கூடுதும்மா, தப்பு"ன்னேன். அம்மா கைப்பையைத் திறந்து உங்க பித்தளை வில்லையை எடுத்தாங்க. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்த இடத்தில் மாட்டிட்டுப் போவீங்களே, உங்க நம்பர் அடிச்ச வில்லை, அதுதான்.

"உங்கப்பாவை விட்டுட்டியேடி!"

சிரிச்சுக்கிட்டே அழுதேன் அப்பா. ஆயுசு முழுக்க விமானம் ஏறாத மனுஷன், ஏறின முதல் நாளே இன்ஜினை நிறுத்திட்டீங்களே!

சாயங்காலம் வேற விமானம் தர்றோம்னாங்க. பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. நானும், "அல்வாலுக்கே போயிடலாம்மா"ன்னேன். இனி அம்மா எங்கேயுமே வர மாட்டாங்கன்னு மனசுக்குள்ள முடிவே கட்டிட்டேன். அம்மாவோ புளிசாதப் பொட்டலத்தைப் பிரிச்சு, கொண்டாப்பூர்காரருக்கும் ஒரு பங்கு வெச்சுக் கொடுத்துட்டு, "எண்ணிச் சரியா வந்துச்சுன்னா அடுத்த வேலையைப் பார்க்கணும். எந்த கேட்டுன்னு பாரு"ன்னாங்க. அவரும் எங்க கூடவே ஏறினார்.

அடுத்து காசிக்குப் போகணுமாம். ஜன்னல் சீட்டு வேணுமாம். கூட்டிட்டுப் போறேன் அப்பா. எந்த ஊரில் இறங்கினாலும், எத்தனை பேர் பார்த்துச் சிரிச்சாலும், நின்னு எண்ணிட்டுத்தான் நகருவேன். இனிமே மூணை விட மாட்டேன்.

உங்கள் 'ரெண்டு',
மகள் கௌரி